யாரும் இல்லாத கனவு

நாய்கள் மத்தியானத்தில்தான் நன்றாகக் கனவு காணும். ராத்திரியில் அதுகளுக்கு ஆயிரம் வேலை. காவல், சந்தேகம், பக்கத்துத் தெருவுக்குப் பதில் சொல்வது என்று பொழுது போய்விடும். மத்தியானச் சோறு வயிற்றில் இறங்கி, வெயில் தகரக் கூரைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டதும் ஒவ்வொன்றாகச் சாயும். அப்போது மிருதுளா தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள்.

படுத்துக்கொள்வதுதான் அவளுடைய வேலை. இதைக் கேட்டு அவள் சொந்தக்காரர்கள் வயிறெரிந்தார்கள். வடவள்ளிக்கு மேற்கே, மலை பக்கத்தில் தெரிகிற இடத்தில் இருந்த அந்த நாய்க் காப்பகத்தில் அவள் கனவு பார்க்கிறவள். நாயின் தலையில் ஒரு துணிப்பட்டை, அவள் தலையில் ஒரு துணிப்பட்டை, நடுவில் ஒரு கம்பிகூடக் கிடையாது. நாய் தூங்கியதும் அவள் பக்கத்தில் அரைத்தூக்கமாகக் கிடப்பாள். நாய் காணும் கனவு மெல்ல மெல்ல அவளுக்குள் ஊறி வரும். சினிமா மாதிரி வராது. முதலில் ஒரு மணம் வரும். பிறகு பாதத்தின் கீழே தரை வரும், சிமெண்டா மண்ணா என்று தெரியும். கடைசியில்தான், புகைக்குள் நிற்பவர்கள் மாதிரி, ஆட்கள் வருவார்கள். அடித்தவர்களா அணைத்தவர்களா என்பது அவர்கள் வருவதற்கு முன்பே நாயின் வயிற்றில் தெரிந்துவிடும். அதே இடத்தில் அவள் வயிற்றிலும் தெரியும்.

மூன்று நாள் பார்த்தால் போதும், ஒரு நாய் எந்த மாதிரி வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். அதே மாதிரி வீடாகத் தேடிக் கொடுத்துவிடுவார்கள். மூன்று நாளுக்கு மேல் பார்க்க அவசியம் இல்லை என்று காப்பகத்தின் மருத்துவர் பெனாசிர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். சாமையின் கனவை மிருதுளா இரண்டு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த வருஷம் வந்த நாய்களுக்கெல்லாம் தானியப் பெயர். கம்பு, தினை, வரகு என்று கூடவே வந்தவை எல்லாம் வீடு பார்த்துப் போய்விட்டன. சாமைதான் மிச்சம். மூடிக்கிடந்த ஒரு பழைய நூல் மில்லின் கிடங்கில், உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு கிடந்த நாட்டு நாய். நல்ல நாய்தான். ஆனால் அதற்கென்று சில வழக்கங்கள் இருந்தன. குரைக்காது. கூப்பிட வேண்டுமென்றால் முன்னங்காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டும். யாருடைய முதுகுப் பக்கமாகவும் வராது, சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்க்கும். வெளியிலிருந்து வருகிற யாரையும் உள்ளே விடாது. வழியை மறித்துக்கொண்டு, அவர்கள் திரும்பி நின்று முதுகைக் காட்டுகிறவரைக்கும் முழங்காலில் மூக்கால் இடிக்கும். முதுகை ஒரு தரம் மோந்துவிட்டுத்தான் வழிவிடும். முதன்முதலில் அதை எடுத்துப்போன அடுக்குமாடிக் குடும்பம் ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தது. சம்பந்தி வந்தபோது அவரை வாசலிலேயே திருப்பி நிறுத்திவிட்டதாம். கல்யாணப் பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

மூன்று முறை திரும்பி வந்த நாயைப் பொதுக் கொட்டிலுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே சோறு உண்டு, ஊசி உண்டு. பெயர் கிடையாது, காதில் எண்தான். பெயர் இல்லாமல் சாமை கிடப்பதை மிருதுளாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதன் கனவில் ஒரு ஆள் வருவான். தரை முதலில் சொல்லும், கதவுக்கு வெளியே கால் வைக்கிற அதிர்வு. பிறகு இயந்திர எண்ணெயும் பஞ்சும் வியர்வையும் சேர்ந்த மணம். கதவு திறக்கும். ஆள் உள்ளே வராமல் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். முகம் தெரியாது. நாயின் உயரத்திலிருந்து கணுக்காலும் கால்சட்டையின் ஓரமும்தான் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் சாமையின் நெஞ்சு நிறைந்து வழியும். மிருதுளா கண்ணைத் திறக்காமல் அந்த மணத்தை இழுத்து இழுத்து வைத்துக்கொள்வாள். அவளுடைய தீரனும் இப்படித்தான் வருவான்.

தீரன் அவள் புருஷன். கோவையில் மில் என்று சொல்ல நாலைந்துதான் மிச்சமிருந்த காலத்தில் அதில் ஒன்றில் நூற்புப் பிரிவில் இருந்தவன். இரைச்சலில் காது போனது. பஞ்சில் நெஞ்சு போனது. அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவனைக் கூப்பிட அவள் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். பின்னாலிருந்து போனால் திடுக்கிடுவான் என்று சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்பாள். ஷிப்டு முடிந்து வந்தால் வாசலில் திருப்பி நிறுத்தி, துண்டால் முதுகைத் தட்டிப் பஞ்சை உதறிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். வெளியே ஒட்டியதைத் தட்டினாள், உள்ளே போனதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஊரில் மில்காரர்கள் வீடு எல்லாம் ஒரே வீடுதான். எல்லா வீட்டிலும் தரையைத் தட்டுவார்கள், எல்லா வீட்டிலும் துண்டு ஒன்று வாசல் ஆணியில் தொங்கும். ஆகவே சாமை யாரோ ஒரு மில்காரர் வீட்டு நாய் என்று அவள் முடிவு கட்டியதில் தப்பே சொல்ல முடியாது. டாக்டர் பெனாசிரும் அதையேதான் சொன்னார்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் ஆலாந்துறைப் பக்கத்திலிருந்து பூவிழி என்று ஒருத்தி வந்தாள். முப்பது வயது இருக்கும். ஆடு வளர்க்கிறவள். வண்டியின் பின்னால் புல்லுக்கட்டு, அதன் மேல் ஒரு ஆட்டுக்குட்டி.

"நாய் ஒண்ணு வேணுமுங்க. கொஞ்சறதுக்கில்லீங்க, ஆட்டுக்கு."

"எங்கே படுக்க வைப்பீங்க?" என்றாள் மிருதுளா.

"பட்டியிலதானுங்க. ஆடு எங்க படுக்குதோ அங்க."

"வீட்டுக்குள்ள விடமாட்டீங்களா?"

"நானே பாதி நாள் பட்டியிலதானுங்க படுக்கறேன்."

மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விதி விதிதான். நாய் வீட்டுக்குள் படுக்கவேண்டும், மடியில் போட்டுக்கொள்ள ஒரு ஆள் இருக்கவேண்டும். அதைச் சொன்னாள். பூவிழி கோபப்படவில்லை. அறையின் மூலையில் பட்டை கட்டிக்கொண்டு தூங்கும் சாமையைப் பார்த்தாள்.

"கனவப் பாத்து என்னங்க தெரியும்?"

"முன்னாடி யார் வீட்ல இருந்துச்சு, எப்படி வெச்சிருந்தாங்க, குழந்தைங்க இருந்தாங்களா, அடிச்சாங்களா, எல்லாம் தெரியும். அது தேடற மாதிரியே ஒரு வீடாப் பாத்துக் குடுப்போம்."

"ஊடே இல்லாத நாயா இருந்தா?"

"அப்படி ஒண்ணு கிடையாதுங்க. எல்லா நாயும் யாரையாவது தேடிட்டுத்தான் இருக்கும்."

பூவிழி அதை நம்பினமாதிரித் தெரியவில்லை. "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குட்டியோடு போய்விட்டாள்.

அடுத்த வாரமே ரங்கசாமி கிடைத்தார். மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது கேட்காது. பிள்ளை பெங்களூரில். அவரும் வீட்டுக்காரியும் மட்டும். வாசலில் சாமை அவரை மறித்தபோது, அவர் யாரும் சொல்லாமலேயே திரும்பி நின்று முதுகைக் காட்டினார். சாமை மோந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எம்பட அம்மா இப்படித்தான் நிறுத்துவா எங்கப்பன" என்றார். மிருதுளா அன்றைக்கு வானத்தில் நடந்தாள். இதைவிடப் பொருத்தமான வீடு ஒரு நாய்க்குக் கிடைக்குமா?

சாமை போன பிறகுதான் வேறொன்று தெரிந்தது. மத்தியானம் மற்ற நாய்களின் பக்கத்தில் படுத்தால் அவளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. பந்து, பிஸ்கட், பள்ளிக்கூட வேன். எல்லாம் மற்றவர்கள் வீட்டு மணம். நாய்க்கு வீடு கிடைத்ததற்குச் சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் அது திரும்பி வந்தால் தேவலையே என்று ஒரு நினைப்பு வந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரத்தில் அவள் நினைத்தபடியே சாமை திரும்பி வந்தது. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ரங்கசாமி வந்து உட்கார்ந்தார்.

"நாயி நல்ல நாயிதான் அம்மிணி. குத்தஞ் சொல்லக்கூடாது. தரையத் தட்டறதும் முதுகப் பாக்கறதும் எனக்கும் பழக்கந்தான். ஆனா பொழுதோட ஆச்சுன்னா வாசக்கதவுகிட்டப் போயி நிக்கும். ஷிப்டு உட்டு வர்ற நேரம். கொஞ்ச நேரம் நிக்கும். யாரும் வரலீன்னா நேரா குளிக்கற ரூமுக்குப் போயிரும்."

"அங்க போய்?" காதருகே குனிந்து சத்தமாகக் கேட்டாள் மிருதுளா.

"பக்கெட்டக் கவுத்துப் போடும். அதும்பக்கத்துல உக்காந்துக்கும். பைப்பத் தொறந்து உடற வரைக்கும் காலத் தட்டிட்டே இருக்கும். என்னமோ கேக்குதேன்னு நான்தான் தொறந்து உட்டேன். தண்ணி உழுந்ததும் மொனக ஆரம்பிச்சுது பாரு, எனக்குக் கேக்கல, ஊட்டுக்காரி கேட்டுட்டு நடுங்கிப்போயிட்டா. தெனமும் இதேதான். எளவு ஊட்டுல கேக்கற மாதிரி இருக்குதுங்கறா. அவளுக்கு நெஞ்சு வலிக்காரி ஒடம்பு, அம்மிணி."



ரங்கசாமி எழுந்து சாமையின் தலையைத் தடவினார். "இது மில்லுக்காரன் ஊட்டு நாயி இல்ல. மில்லுக்காரனப் பறிகுடுத்த ஊட்டு நாயி" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

மூன்று வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஷிப்டு விடுகிற நேரத்துக்கு மிருதுளா தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு நிற்பாள். ஒரு காரணமும் கிடையாது, கால் தானாகப் போகும். பிறகு குளியலறைக்குப் போய், பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகத் தண்ணீர். அவள் அக்காவுக்குக்கூட இது தெரியாது. உலகத்தில் ஒரு உயிருக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

சாமை சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தது.

டாக்டர் பெனாசிரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குழாயைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பெனாசிர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வந்த புதுசுல சாமை குரைச்சான். உனக்கு ஞாபகம் இருக்கா மிருது?"

"இல்ல டாக்டர்."

"எனக்கு இருக்கு. வண்டியில இருந்து இறக்கும்போது ஊரைக் கூட்டினான். அப்புறம் எப்பவோ நிறுத்திட்டான். பயம் போயிடுச்சுன்னு நினைச்சேன். ரெண்டு தலையிலயும் பட்டை கட்டறோம். தண்ணி ஒரு பக்கமாத்தான் ஓடும்னு நாம எப்படி முடிவு பண்ணினோம்?"

"அப்ப அவன் கனவுல வந்தது..."

"உன் வீட்டுக்காரர்தான். உன்கிட்ட இருந்து அவனுக்குப் போய், அவன் மூக்கு வழியா உனக்கே திரும்பி வந்திருக்காரு. மூணு நாள்னா ஒரு சொட்டு போயிருக்கும். நீ எத்தனை நாள் பாத்தே?"

"தினமும்."

பெனாசிர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறொன்று கேட்டார். "தினை போன வீட்ல இருந்து போன மாசம் பேசினாங்க. தூறல் விழுந்தா மொட்டை மாடிக்கு ஓடிப் போய்க் கொடியில இருக்கற துணியை எல்லாம் இழுத்துப் போடுதாம். அது யார் வீட்டுப் பழக்கம்?"

"என்னோடதுதான் டாக்டர்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. எத்தனை நாய்கள், எத்தனை வீடுகள். ஊர் முழுக்க யார் யாருடைய கூடத்திலோ அவளுடைய துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வாலாட்டிக்கொண்டு படுத்திருக்கிறது.

"சாமையை இப்படியே இன்னொரு வீட்டுக்கு அனுப்பினா இதையேதான் செய்வான். மூணாவது தடவையும் திரும்பி வந்துடுவான். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் பெனாசிர்.

"தானா மறந்துடுவானா?"

"நாய் மறக்கும்னு யாரு சொன்னது?"

"இன்னும் ஒரே ஒரு தடவை பட்டை கட்டிக்கறேன் டாக்டர். நான் குடுத்ததை நானே எடுத்துடறேன்."

"எடுக்க முடியும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும். உள்ள போனதும் உன் ஆள் வருவாரு. நீ அழுதா அவனும் அழுவான். அப்புறம் அது அவனை விட்டுப் போகவே போகாது. அழாம இருப்பியா?"

அழாமல் இருப்பது ஒரு பக்கம். இது கடைசித் தடவை என்பது இன்னொரு பக்கம். அந்த மணம் இனிமேல் கிடையாது. மூன்று வருஷத்தில் அவளே மறந்துபோயிருந்த மணத்தை ஒரு நாயின் மூக்குதான் தேடி எடுத்துக் கொடுத்தது. அதை விட்டுவிட்டு இருந்துவிட முடியுமா? முடியாது என்று தோன்றியது. பக்கத்தில் சாமை தன் பாட்டுக்குக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

முதலில் தரை வந்தது. அதிர்வு வந்தது. அவன் எப்போதும் நடக்கிற மாதிரி, இடது கால் கொஞ்சம் அழுத்தமாக. இத்தனை நாள் இது யாரோ ஒரு மில்காரன் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே இரக்கம் வந்தது. கதவு திறந்தது. எண்ணெயும் பஞ்சும் வியர்வையும். தீரன் திரும்பி நின்று முதுகைக் காட்டினான்.

எப்போதும் கனவு இந்த இடத்தில் நின்றுவிடும். அன்றைக்கு அவள் ஆணியிலிருந்து துண்டை எடுத்தாள். நாயின் கனவில் கை எப்படி வந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. தட்டினாள். பஞ்சு பறந்தது. இன்னும் தட்டினாள். சட்டை முழுக்கப் பஞ்சு, பறக்கப் பறக்க இன்னும் பஞ்சு. கூடம் வெள்ளையாகிவிட்டது. பக்கத்தில் சாமை அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் அழுதால் அழுவதற்குத் தயாராக. அவள் அழவில்லை. "நில்லு மாமா, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். காது கேட்காத ஆளிடம் எத்தனை வருஷம் பேசியிருக்கிறாள், இன்னொரு நாள் பேசினால் என்ன. தோள் கரைந்தது. முதுகு கரைந்தது. துண்டு ஒன்றின்மேலும் படாமல் காற்றில் வீசியது. பஞ்சு மெதுவாக அடங்கியபோது வாசலில் ஆள் இல்லை. கதவும் இல்லை, வீடும் இல்லை.

சாமை ஒரு பெரிய தும்மல் போட்டது.

அதன் பிறகு வந்ததை அவள் அதுவரை பார்த்ததே கிடையாது. ஈரப் புல். பாதத்தின் அடியில் மண் குளிர்ச்சியாக இருந்தது. மேற்கேயிருந்து மழை வருகிற காற்று. இரண்டு பக்கமும் வெதுவெதுப்பான உடம்புகள் ஓடிக்கொண்டிருந்தன, நாய்களா ஆடுகளா தெரியவில்லை. தோளோடு தோள் உரசியது, மூச்சு வாங்கியது, நாக்கு வெளியே தொங்கியது. எங்கே போகிறோம் என்ற கேள்வியே இல்லை. அவள் பழக்கத்தில் ஆட்களைத் தேடினாள். எஜமான், குழந்தை, சோறு போட்ட கை, அடித்த கை. யாரும் இல்லை. யாருக்காகவும் அந்த நெஞ்சு காத்திருக்கவில்லை. ஆனாலும் அது நிறைந்துதான் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது சாமை எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு அணில். பெனாசிர் வாசலில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"யாருமே இல்ல டாக்டர்" என்றாள் மிருதுளா. "அவன் கனவுல ஒரு மனுஷன்கூடக் கிடையாது. அவன் யாரையும் தொலைக்கல. தேடினது பூரா நான்தான்."

பூவிழியைக் கூப்பிடலாம் என்று அவள் சொன்னபோது பெனாசிர் தலையை ஆட்டினார். "வெளியில படுக்கற இடத்துக்கு நாம நாய் குடுத்ததே இல்ல மிருது. மேல கேப்பாங்க."

"அந்த விதி நாம போட்டது டாக்டர். நாய் போட்டதில்ல."

"கொஞ்சக்கூட மாட்டேன்னாளே அந்தப் பொண்ணு."

"நான் கொஞ்சினது போதாதா?"

பெனாசிர் பட்டைகளை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் ஆலாந்துறைக்குப் போன் செய்தார். இனி கனவு பார்ப்பது கிடையாது, நாயையே நேரில் கூட்டிப்போய் விட்டுப் பார்ப்பது என்று ஆயிற்று. காப்பகத்து நிர்வாகிகள் குதித்தார்கள். குதித்துக் களைத்ததும் உட்கார்ந்தார்கள். படுத்துச் சம்பாதித்த மிருதுளாவுக்கு நாய்களை நடத்திக் கூட்டிப்போகிற வேலை வந்தது. அவள் சொந்தக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி.

சாமை போன முதல் வாரம் ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் திரும்பி வருகிறதோ என்று அவள் ஓடிப்போய் எடுத்தாள். பூவிழி ஒரே ஒரு முறைதான் பேசினாள். "பட்டிக்குள்ள போறப்ப ரெண்டு நாள் என்னய மறிச்சுதுங்க. பட்டிக்கு ஏதுங்க வாசல், சுத்தியும் வேலிதான். நான் தாண்டிக் குதிச்சுப் போயிட்டேன். அதுக்கப்புறம் விட்டுருச்சு."

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் மிருதுளா பார்த்துவிட்டு வரப் போனாள். மலை அடிவாரத்தில் மேய்ச்சல் காடு, நடுவில் ஒரு வேம்பு. சாமை எங்கிருந்தோ ஓடி வந்தது. இளைத்து, கருத்து, காதில் உண்ணி கடித்த தழும்போடு, ஜம்மென்று இருந்தது. சுற்றி வந்து முன்னால் நிற்கவில்லை. பின்பக்கமாகவே வந்து அவள் கையை மோந்தது. புதிதாக வந்த ஆளை எப்படி மோக்குமோ அப்படித்தான் மோந்தது. மரியாதைக்கு வாலை ஆட்டிவிட்டு ஆடுகளிடம் திரும்பிப் போய்விட்டது.

மிருதுளாவுக்கு வலித்தது. இதற்காகத்தான் அவ்வளவும் செய்தாள். ஆனாலும் வலித்தது.

"கூப்புடட்டுங்களா?" என்றாள் பூவிழி.

"வேண்டாங்க. வேலையா இருக்கான்."

வேம்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். வெயில் ஏறியது. ஆடுகள் நிழலுக்கு வந்தன. சாமையும் அதுகளுக்கு நடுவில் சாய்ந்து தூங்கிப்போனது. கொஞ்ச நேரத்தில் நாலு காலும் ஓட ஆரம்பித்தன.

"பாருங்க, மத்தியானம் ஆச்சுன்னா இதே சோலிதானுங்க. எங்கியோ ஓடுது. என்னங்க கனவு அது? உங்களுக்குத் தெரியுமே."

"தெரியாதுங்க" என்றாள் மிருதுளா. அப்படிச் சொன்னது நன்றாக இருந்தது.

அப்போது காற்று திரும்பியது. புழுக்கையும் பாலும் காய்ந்த புல்லும் கலந்த பட்டியின் மணத்திலிருந்து ஒரே ஒரு இழை தனியாகப் பிரிந்து வந்து அவள் மூக்கைத் தொட்டது. வெதுவெதுப்பாக, லேசான உப்போடு. அவள் யோசிக்கவே இல்லை.

"அங்க தள்ளி நிக்கற செவலை ஆடு இப்போ குட்டி போடப் போகுதுங்க."

பூவிழி சிரித்தாள். "அதுக்கு இன்னும் நாள் கெடக்குதுங்க. நீங்க ஆடு வெச்சிருந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று மிருதுளாவுக்கே தெரியவில்லை. அவள் வாழ்நாளில் ஆட்டைத் தொட்டதுகூட இல்லை. அவள் முகம் மட்டும் லேசாக நிமிர்ந்து, காற்று வந்த பக்கமாகத் திரும்பியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த சாமையும் தலையைத் தூக்கியிருந்தது. அதன் மூக்கும் அதே பக்கம்தான், அந்தச் செவலை ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பூவிழி நாயைப் பார்த்தாள், மிருதுளாவைப் பார்த்தாள், மறுபடி நாயைப் பார்த்தாள்.

தண்ணி ஒரு பக்கமாத்தான் ஓடும்னு எப்படி முடிவு பண்ணினோம் என்று டாக்டர் கேட்ட நாளிலிருந்து, தான் அவனுக்குக் கொடுத்ததை நினைத்துத்தான் அவள் வெந்துகொண்டிருந்தாள். அவனிடமிருந்து தனக்கு என்ன வந்தது என்று இரண்டு பேருமே ஒரு வார்த்தை பேசியதில்லை.

செவலை ஆடு ஒரு முறை கத்திவிட்டு முன்னங்காலை மடக்கிப் படுத்தது.

"அட ஆமாங்க!" என்று பூவிழி மோர்ச் செம்பைப் போட்டுவிட்டு எழுந்தாள். "ஓடிப் போயி அதும்பக்கத்துல இருங்க, நான் துணி எடுத்துட்டு வர்றேன்."

மிருதுளா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். சாமை அவளுக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தது.